பட்டை தீர்ந்த மூன்றாம் நாள்: குளோனிடின் என்ற பிரஷர் மாத்திரை நின்றதும் எகிறிய பிரஷர், ஒரு நிகழ்வு ஆய்வு

61 வயதுப் பெண். பள்ளிக்கரணைப் பக்கம் வீடு. பல வருடமாகச் சர்க்கரை, கூடவே ரத்த அழுத்தம், இப்போது நான்காம் நிலைச் சிறுநீரகக் கோளாறு, டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை. 2023 டிசம்பர் 5, செவ்வாய்க்கிழமை முற்பகலில் மூச்சுத் திணறலும் மண்டை பிளக்கும் தலைவலியுமாக எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தார். மிக்ஜாம் புயல் மழை விட்டிருந்தது, ஆனால் தண்ணீர் வடியவில்லை. தரைத்தளம் முழுகி, கரண்ட் இல்லாமல், போனும் எடுக்காமல் முதல் மாடியில் மாட்டிக்கொண்டிருந்தவரைப் படகில் இறக்கி மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்து 108இல் ஏற்றியிருக்கிறார்கள்.

இவருடைய கதையை முழுசாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. ஆல்ஃபா அட்ரினெர்ஜிக் அகோனிஸ்ட், அதாவது அட்ரினலினின் ஆல்ஃபா ஏற்பியைத் தூண்டுபவை, என்ற மருந்துக் குடும்பத்தைக் கல்லூரியில் ஒரே அட்டவணையாகப் படிக்கிறோம். ஆனால் வெளியே வந்தால் அது பிரஷர் மாத்திரையாக, மூக்குச் சொட்டாக, சளி மாத்திரையாக, கண் சொட்டாக, ஐசியுவில் ஓடும் ஊசியாக வெவ்வேறு வேஷத்தில் நிற்கிறது. இவை எல்லாம் ஒரே குடும்பம் என்று நோயாளிக்குத் தெரியாது, மருந்துக் கடையில் இருப்பவருக்குத் தெரியாது, பல நேரம் எழுதிக் கொடுக்கும் நமக்கே அந்த நினைப்பு வருவதில்லை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தபோது

பிரஷர் 238/132, இரண்டு கையிலும் ஏறக்குறைய அதேதான். மூச்சு நிமிடத்துக்கு 34. ஆக்சிஜன் கொடுக்காமல் அளந்தபோது ரத்த ஆக்சிஜன் 84 சதவீதம். உடம்பு முழுக்க வியர்வை, ஆனால் கையும் காலும் ஜில்லென்று வெளுத்திருந்தன. நெஞ்சில் இரண்டு பக்கமும் பாதிக்கு மேல் நீர் கோத்த சத்தம். ஒரு வார்த்தை பேசினால் இரண்டு மூச்சு வாங்க வேண்டியிருந்தது, அந்த நிலையிலும் "என்னவோ படபடன்னு இருக்கு, பயமா இருக்கு" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

இதயத் துடிப்பு மட்டும் 82. இந்த எண்ணை இங்கேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு வியர்வை, இவ்வளவு பதற்றம், இவ்வளவு பிரஷர் இருக்கிற ஒருவருக்குத் துடிப்பு 82 என்பது இயல்பில்லை. யாரோ அதைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

முதலில் எல்லோருக்கும் தோன்றியது, கிட்னி நோயாளி, மூன்று நாளாகச் சாப்பாடும் மருந்தும் தாறுமாறு, உடம்பில் நீர் சேர்ந்துவிட்டது என்பதுதான். நியாயமான யூகம். ஆனால் காலில் வீக்கம் பெரிதாக இல்லை. வீட்டில் எடை பார்க்கிற பழக்கம் உள்ளவர், சனிக்கிழமை எடையை மகன் சொன்னார், வார்டில் பார்த்தபோது ஒரு கிலோகூட ஏறியிருக்கவில்லை. உடம்பில் புதிதாக நீர் சேராமலே நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றால், குழாய்கள் இறுகி, அந்த இறுக்கத்துக்கு எதிராகத் தள்ள முடியாமல் இதயம் திணறுகிறது என்று பொருள். இசிஜியில் பழைய இடது இதய அறைத் தடிப்பு தெரிந்தது, புதிய மாரடைப்புக்கான மாற்றம் இல்லை. எக்கோவில் இதயம் சுருங்கும் திறன் நன்றாகவே இருந்தது. இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் லேசாக உயர்ந்து அதே அளவில் நின்றது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 2.9, வழக்கமாக 2.6 இருப்பவர். பொட்டாசியம் 5.4. மூச்சு சமாளிக்கும் அளவுக்கு வந்த பிறகு எடுத்த மூளை சிடியில் ரத்தக்கசிவு இல்லை.

மஞ்சப்பை

மகன் கையில் ஒரு மஞ்சப்பை இருந்தது. வீட்டில் இருந்த மாத்திரை மருந்து எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதற்காக அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். அந்தப் பை இல்லாவிட்டால் நாங்கள் இன்னும் எத்தனை மணி நேரம் சிறுநீரகத்தையே பார்த்துக்கொண்டு இருந்திருப்போமோ தெரியாது.

"டாக்டரம்மா, பிரஷர் மாத்திரை ஒரு வேளைகூட விடல. அந்தச் சின்ன மாத்திரை மட்டும்தான் சனிக்கிழமையே தீர்ந்துபோச்சு. கடையில திங்கள் வரும்னாங்க. மத்தது எல்லாம் இருக்கேன்னு அதையே குடுத்துட்டு இருந்தோம்."

அந்தச் சின்ன மாத்திரை குளோனிடின், 100 மைக்ரோகிராம். வேளைக்கு இரண்டாக மூன்று வேளை, ஆக நாளொன்றுக்கு ஆறு மாத்திரை. முப்பது மாத்திரை உள்ள பட்டை ஐந்தே நாளில் காலியாகிவிடும். மற்ற மாத்திரைகள் மாதக்கணக்கில் வரும், இது மட்டும் வாரத்துக்குள் தீரும். மழையில் எது முதலில் அற்றுப்போகும் என்று யோசித்தால் இதுதான். கடைசியாக விழுங்கியது சனிக்கிழமை இரவு. எங்களிடம் வந்தபோது 60 மணி நேரம் தாண்டியிருந்தது.

பையில் இருந்த மற்றவை: பிரஷருக்கு அம்லோடிபின், நீர் பிரிய டார்செமைடு, சர்க்கரை மாத்திரை. கை நடுக்கத்துக்காக வேறொரு டாக்டர் கொடுத்த ப்ராப்ரனோலால் 40 மி.கி., தினம் இரண்டு, அதை ஒரு வேளையும் விடவில்லை. பாதி தீர்ந்த சைலோமெட்டாசோலின் மூக்குச் சொட்டு, பெரியவர்களுக்கான 0.1 சதவீதம். அது இல்லாமல் தூக்கமே வராது என்று பல மாதமாகத் தினமும் ராத்திரி விட்டுக்கொள்கிறாராம். தண்ணீரில் நின்றதில் ஜலதோஷம் பிடித்ததால் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிய சளி மாத்திரை அட்டை, பாராசிட்டமாலும் குளோர்ஃபெனிரமினும் ஃபினைல்எஃப்ரின் 10 மி.கி.யும் சேர்ந்தது, அதில் சில மாத்திரைகள் காலி. கடைசியாக, வீட்டுக்காரருடைய கண் நீர் அழுத்தத்துக்கான பிரிமோனிடின் சொட்டு, தவறிப்போய் இந்தப் பையில் வந்தது.

எண்ணிப் பாருங்கள். குளோனிடின், சைலோமெட்டாசோலின், ஃபினைல்எஃப்ரின், பிரிமோனிடின். ஒரே பையில் நான்கு ஆல்ஃபா மருந்து. ஒன்று திடீரென்று நின்றிருக்கிறது, இரண்டு உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது, ஒன்று வேறொருவருடையது.

என்ன நடந்தது

1948இல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் அட்ரினலின் வகை ஏற்பிகளை, அதாவது அட்ரினலின் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் இடங்களை, ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டாகப் பிரித்தார். ஆல்ஃபா பிற்பாடு 1, 2 என்று பிரிந்தது. ஆல்ஃபா-1 பெரும்பாலும் ரத்தக் குழாய்ச் சுவரின் தசையில் இருக்கிறது, அதைத் தூண்டினால் குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். ஆல்ஃபா-2 நரம்பு முனைகளிலும் மூளைத்தண்டிலும் இருக்கிறது, அங்கே அதைத் தூண்டினால் குழாயைச் சுருக்கும் நார்அட்ரினலின் வெளியேறுவது குறையும், பிரஷரும் துடிப்பும் இறங்கும், தூக்கம் வரும். ஆனால் குழாய்ச் சுவரிலும் கொஞ்சம் ஆல்ஃபா-2 உண்டு, அது சுருக்கவே செய்யும். அதனால்தான் குளோனிடினையோ, ஐசியுவில் தூங்க வைக்கும் டெக்ஸ்மெடிடோமிடினையோ ரத்தக் குழாய் வழியாக வேகமாக ஏற்றினால் இறங்குவதற்கு முன் ஒரு நிமிஷம் பிரஷர் ஏறிக் காட்டும்.

குளோனிடின் பிறந்த கதையே இந்தக் குடும்பத்தின் இரட்டைக் குணத்தைச் சொல்லிவிடும். 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனத்தில் அதைத் தயாரித்தது பிரஷருக்காக இல்லை, மூக்கடைப்புக்காக. ஜலதோஷம் பிடித்திருந்த அலுவலகச் செயலாளர் ஒருவருக்கு அதைச் சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். அவர் மறுநாள் வரை தூங்கினார், பிரஷர் இறங்கியது, துடிப்பு மெதுவானது. 1966இல் அது பிரஷர் மருந்தாகவே சந்தைக்கு வந்தது. ஆக, நம் நோயாளியின் பையில் இருந்த மூக்குச் சொட்டும் பிரஷர் மாத்திரையும் தூரத்துச் சொந்தம்கூட இல்லை, கூடப்பிறந்தவை.

குளோனிடினைத் தினமும் சாப்பிடுகிற உடம்பில், ஆபத்து நேரத்தில் நம்மை முடுக்கிவிடும் அனுதாப நரம்பு மண்டலம் அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அதைச் சட்டென்று நிறுத்தினால் நார்அட்ரினலின் பெருக்கெடுக்கும், ரத்தத்திலும் சிறுநீரிலும் அதை அளந்து பார்க்க முடியும். தலைவலி, வியர்வை, நடுக்கம், பதற்றம், தூக்கமின்மை, அப்புறம் மருந்து தொடங்குவதற்கு முன் இருந்ததைவிட மேலே போகும் பிரஷர். பெரும்பாலும் நிறுத்திய 18 முதல் 72 மணி நேரத்துக்குள் வரும். சாதாரணமாக இந்த மருந்தின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் பாதியாகக் குறையும் நேரம், 12 முதல் 16 மணி, சிறுநீரகம் கெட்டவர்களுக்கு 40 மணி வரை நீளலாம். இவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் தெரியாமல் இருந்து, திங்கள் ராத்திரிதான் தலைவலி ஆரம்பித்தது ஏன் என்பதற்கு அதுவே விளக்கம். நாளைக்கு 1.2 மி.கி.க்கு மேல் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் இது அதிகம் என்று பாடத்தில் படித்திருப்போம், இவர் சாப்பிட்டது அதில் பாதி. அப்படியென்றால் ஏன் இவ்வளவு கடுமை?

அதற்குப் பதில் ப்ராப்ரனோலால். இதயத்தை முடுக்குவது பீட்டா-1 ஏற்பி, தசைகளுக்குப் போகும் ரத்தக் குழாய்களை விரித்து வைப்பது பீட்டா-2 ஏற்பி. ப்ராப்ரனோலால் பீட்டா-1, பீட்டா-2 இரண்டையும் அடைக்கும். விரிக்கிற கை கட்டப்பட்டுவிட்டது, சுருக்குகிற ஆல்ஃபா-1 மட்டும் தடையில்லாமல் வேலை செய்கிறது, இதயமோ வேகமெடுத்துச் சமாளிக்க முடியாமல் பீட்டா அடைப்பில் நிற்கிறது. அதனால்தான் துடிப்பு 82. அதனால்தான் நுரையீரலில் நீர். "பிரஷர் மாத்திரை விடாம குடுத்தோம்" என்று அந்தப் பிள்ளை நம்பிக்கையோடு சொன்னாரே, விடாமல் கொடுத்ததில் ஒன்றுதான் நிலைமையை மோசமாக்கியது. அவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. எந்த மாத்திரை நின்றால் எது ஆபத்து என்று எந்தச் சீட்டிலும் எழுதியிருக்கவில்லை.

சளி மாத்திரையின் பங்கு என்ன? என் கணிப்பில் சிறியது. வாய்வழி ஃபினைல்எஃப்ரினில் பெரும்பகுதி குடலிலேயே சிதைந்துவிடும். மூக்கடைப்புக்கு அது உதவுவதில்லை என்று 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு ஒருமனதாகச் சொன்னது, 2024 நவம்பரில் அதை நீக்க எஃப்.டி.ஏ. முன்மொழிந்தது. ஆரோக்கியமான ஒருவருக்கு 10 மி.கி. பெரிதாக எதையும் செய்யாது. ஆனால் ஏற்கெனவே ஆல்ஃபா-1 கட்டுக்கடங்காமல் ஓடும் உடம்பில், பீட்டா அடைபட்ட நிலையில், கூடவே தினசரி மூக்குச் சொட்டும் இருக்கும்போது, ஒரு பலனும் தராத மருந்தை எதற்காக உள்ளே அனுப்ப வேண்டும்? இந்தியாவில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில்தான் குளோர்ஃபெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த சொட்டு மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் எச்சரிக்கை போடச் சொன்னது. பெரியவர்களின் அட்டையில் பிரஷர் உள்ளவர்களுக்கான எச்சரிக்கை பொடி எழுத்தில் எங்கோ இருக்கிறது, வெள்ளத்தில் பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கும் நான்கு மாத்திரைத் துண்டில் அதுவும் இருக்காது.

லேபெடலால் வேண்டாம் என்றது ஏன்

அன்றைக்கு எங்களுக்குள் நடந்த வாக்குவாதம் இதில்தான். லேபெடலால் ஊசி கையில் இருந்தது, பிரஷர் அவசரத்துக்கு நாம் பழகியதும் அதுதான், ஆல்ஃபாவையும் பீட்டாவையும் சேர்த்துத்தானே அடைக்கிறது என்று இளம் சக டாக்டர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் ரத்தக் குழாய் வழியாகப் போடும்போது அதன் பீட்டா அடைப்பு ஆல்ஃபா அடைப்பைப் போல் ஏழு மடங்கு. ஏற்கெனவே ப்ராப்ரனோலாலில் ஊறியிருக்கும் இதயத்தின் மேல், அதுவும் நுரையீரலில் நீரோடு, இன்னும் பீட்டா அடைப்பை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.

இதற்குப் பின்னால் ஒரு பழைய பாடம் இருக்கிறது. அறுவைசிகிச்சையில் மூக்கு, தொண்டைப் பகுதியில் ரத்தம் கசியாமல் இருக்க ஃபினைல்எஃப்ரினைத் தடவுவார்கள், சில நேரம் அது உறிஞ்சப்பட்டுப் பிரஷர் எகிறும். அந்தப் பிரஷரை, ப்ராப்ரனோலால் மாதிரி பீட்டாவை அடைக்கும் பீட்டா பிளாக்கர் கொடுத்து இறக்கப் போய் நுரையீரலில் நீர் கோத்து இதயம் நின்ற நோயாளிகள் இருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஒரு நான்கு வயதுக் குழந்தை இறந்த பிறகு வல்லுநர்கள் வழிகாட்டுதலே எழுதி 2000இல் வெளியிட்டார்கள்: பெரியவர்களுக்கு முதல் அளவு 0.5 மி.கி.க்கு மேல் வேண்டாம், ஏறினால் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள், தானே இறங்கலாம், மருந்து தேவைப்பட்டால் குழாயை நேரடியாக விரிப்பதோ ஆல்ஃபாவை அடைப்பதோ போதும், பீட்டா பிளாக்கரையும் கால்சியம் சேனல் பிளாக்கரையும் தவிருங்கள். நம் நோயாளிக்குப் பிரஷர் ஏறிய காரணம் வேறு, இதயம் மாட்டிக்கொண்ட பொறி அதேதான்.

ஆல்ஃபாவை அடைக்கும் ஃபென்டோலமைன் இருந்தால் இந்த இடத்தில் அழகாகப் பொருந்தும். எங்களிடம் இல்லை. நைட்ரோபுருசைடு என்றால் சிறுநீரகம் கெட்டவரிடம் தயோசயனேட் என்ற அதன் நச்சுக் கழிவு சேரும் பயம். ஆகவே உட்காரவைத்து, முகமூடி வழியாக அழுத்தக் காற்று கொடுத்து, குழாயை விரிக்கும் நைட்ரோகிளிசரினை ஓடவிட்டு அதன் அளவை வேகமாக ஏற்றினோம், நீர் பிரிய ஃபுரோசமைடு 80 மி.கி. போட்டோம். கூடவே எது குறைந்து இதெல்லாம் வந்ததோ அதையே திரும்பக் கொடுத்தோம், குளோனிடின் 200 மைக்ரோகிராம். முகமூடியை ஒரு நிமிடம் எடுத்துவிட்டு ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்க வைத்தோம். அது வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி ஆகும், அதுவரை தாங்குவதுதான் நைட்ரோகிளிசரினின் வேலை. ஒரு மணி நேரத்தில் 196/110. மூன்றாவது மணியில் 164/92, மூச்சு 22. சாயங்காலம் முகமூடியைக் கழற்றிவிட்டுக் காப்பி கேட்டார்.

இதற்கிடையில் கண்ணின் உள்பகுதியைப் பார்க்கலாம் என்று கண் பாப்பாவை விரிக்கும் சொட்டுக்கு ஒருவர் எழுதிவிட்டார். நம் ஊரில் அதற்கு வழக்கமாக விடுவது ட்ராபிகமைடும் 5 சதவீத ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த சொட்டு. கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கி உடம்பில் ஏறும். தனி ட்ராபிகமைடு மட்டும் விடச் சொன்னேன். பார்த்ததில் கண் நரம்பின் முனையில் வீக்கம் இல்லை, பழைய பிரஷர் தடயங்கள் மட்டும்.

அன்று ராத்திரி

இரண்டு மணிக்கு நர்ஸ் கூப்பிட்டார். பிரஷர் 102/58, துடிப்பு 46. எழுப்பினால் கண் திறக்கிறார், விட்டால் தூங்குகிறார். கண் பாப்பா இரண்டும் சிறுத்திருந்தன. நைட்ரோகிளிசரினை மாலையிலேயே நிறுத்தியிருந்தோம். சர்க்கரை சரி, ரத்த வாயுக்கள் சரி.

இது குளோனிடினின் மறுமுகம். முழு அளவைத் திரும்பத் தொடங்கியாயிற்று, சிறுநீரகம் அதை மெதுவாக வெளியேற்றுகிறது, முந்தைய ப்ராப்ரனோலால் இன்னும் உள்ளே இருக்கிறது. குளோனிடின் அதிகமானால் வருகிற படம் இப்படித்தான் இருக்கும்: தூக்கம், சிறுத்த பாப்பா, மெதுவான துடிப்பு, தாழ்ந்த பிரஷர். பார்ப்பதற்கு அபின் வகை விஷம் மாதிரியே இருக்கும், அபினுக்கு மாற்று மருந்தான நலாக்ஸோன் சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. இவருக்கு அதுவோ துடிப்பைக் கூட்டும் அட்ரோபினோ தேவைப்படவில்லை. கால்பக்கத்தைத் தூக்கி வைத்து, பக்கத்திலேயே நின்று கவனித்தோம், விடிவதற்குள் 128/74.

இங்கேதான் கை நழுவக் கூடிய இடம். 102/58ஐப் பார்த்துவிட்டு யாராவது "பிரஷர் மாத்திரை எல்லாம் நிறுத்து" என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தால், வியாழன் ராத்திரி மறுபடி 238க்குப் போய் நிற்போம். காலை டோஸை 100 மைக்ரோகிராமாகக் குறைத்தோம், நிறுத்தவில்லை. ப்ராப்ரனோலாலைத்தான் பிடித்து வைத்தோம்.

அதே குடும்பத்தின் மற்றவர்கள்

இந்தக் குடும்பத்தைக் கெட்டதென்று சொல்ல வரவில்லை. அன்றைக்கு ஐசியுவில் இவருக்கு அடுத்த கட்டிலில் கிருமித் தொற்றால் அதிர்ச்சி நிலைக்குப் போன ஒருவருக்கு நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே முதல் தேர்வு அதுதான், சராசரி அழுத்தம் 65ஐப் பிடிப்பதற்கு அதைவிட நல்ல மருந்து கையில் இல்லை. ஊசி நழுவித் தோலுக்கடியில் இறங்கினால் அந்த இடம் கறுத்துப் போகும், அதைக் கண்காணிப்பது தனி வேலை. சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதும் இறங்கும் பிரஷரை ஃபினைல்எஃப்ரின் சில நொடியில் தூக்கி நிறுத்துகிறது, வாயால் விழுங்கினால் வீணாகும் அதே மருந்து. கர்ப்பிணிகளின் பிரஷருக்கு மெத்தில்டோபா பல தலைமுறையாகப் பயன்படுகிறது, அது உடம்புக்குள் ஆல்ஃபா-2 தூண்டியாக மாறித்தான் வேலை செய்கிறது. எழுந்து நின்றால் மயங்குபவர்களுக்கு மிடோட்ரின், ஆனால் படுக்கப் போவதற்கு நான்கு மணி நேரம் முன்பே கடைசி மாத்திரை முடிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் படுத்ததும் பிரஷர் ஏறும்.

முதுகுவலிக்குச் சர்வசாதாரணமாக எழுதப்படும் டிசானிடினும் ஆல்ஃபா-2தான், இதைச் சொன்னால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். அதோடு சிப்ரோஃப்ளாக்சசின் சேர்ந்தால் ரத்தத்தில் டிசானிடினின் மொத்த அளவு பத்து மடங்கு ஏறும், ஏனென்றால் கல்லீரலில் அதைச் சிதைக்கும் நொதியை சிப்ரோ அடைத்துவிடுகிறது. இடுப்பு வலிக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் ஒரே வாரத்தில் இரண்டு டாக்டரைப் பார்க்கிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! மயங்கி விழுந்தார் என்று வரும் வயதானவர்களிடம் இந்த ஜோடியைக் கட்டாயம் கேளுங்கள். குளோனிடின் சாப்பிடுபவருக்கு மனச்சோர்வுக்காக அமிட்ரிப்டிலினோ மிர்டாசபினோ தொடங்கினால் பிரஷர் கட்டுப்பாடு போய்விடலாம் என்பதும் இதே கணக்கில் சேரும்.

என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அந்தக் கண் சொட்டு. அவர்கள் வீட்டில் ஒன்றரை வயதுப் பேரன் இருக்கிறான், தவழ்ந்து எழுந்து கைக்கு எட்டியதையெல்லாம் வாயில் வைக்கும் வயசு. பிரிமோனிடின் இரண்டு வயதுக்குக் கீழ் கண்ணில் விடவே கூடாத மருந்து, மூச்சு நின்றுபோன குழந்தைகள் உண்டு. மூக்குச் சொட்டு, கண் சிவப்புச் சொட்டு இவற்றைக் குழந்தைகள் விழுங்கியது பற்றி எஃப்.டி.ஏ. 2012இல் எச்சரித்தது, ஒன்று இரண்டு மில்லி போனாலே ஆபத்து என்று. ஒன்று இரண்டு மில்லி என்பது அந்தக் குப்பியின் அடியில் மிச்சமிருப்பது. பால் குடிக்கும் குழந்தைக்கு மூக்கடைத்தால் தாத்தா பாட்டியின் சொட்டை "ஒரே ஒரு சொட்டு" விடுகிற பழக்கமும் இருக்கிறது. குழந்தை நன்றாகத் தூங்குகிறது என்று சந்தோஷப்படுவார்கள், அந்தத் தூக்கமே விஷத்தின் அறிகுறி. உப்புத் தண்ணீர் சொட்டு போதும். மருமகளைத் தனியாக உட்காரவைத்து இதை விளக்கினேன், அவர் அன்றே வீட்டுக்குப் போன் போட்டு அலமாரிக்கு மேலே ஏற்றச் சொன்னார்.

அப்புறம்

இவருக்குக் குளோனிடினைத் தொடங்கியதே தவறா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மூன்று மருந்துக்கு அடங்காத பிரஷருக்கு ஸ்பைரோனோலாக்டோன்தான் முதலில் என்று 2015இல் வந்த பாத்வே-2 ஆய்வு காட்டியது. 2018இல் பிரேசிலில் குளோனிடினோடு ஒப்பிட்டபோது முக்கிய முடிவில் இரண்டும் சமம், ஆனால் ஒரு வேளை மாத்திரை என்பதால் ஸ்பைரோனோலாக்டோனே மேல் என்றார்கள். அது பொட்டாசியத்தை ஏற்றும், இவருக்குப் பொட்டாசியம் 5க்கு மேல் நிற்கும்போது அதைக் கொடுக்க வழியில்லை. குளோனிடின் மலிவு, சிறுநீரகம் கெட்டாலும் கொடுக்கலாம், சீக்கிரம் கேட்கும். ஒரு நாள் தவறினாலும் மன்னிக்காத மருந்து என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை, குறை அங்கே. இரண்டு நாள் கழித்து அவரே சொன்னார்: "அது நாக்கையே உலர வெச்சுடுது கண்ணு. தீர்ந்ததும், சரி, ரெண்டு நாள் வாய்க்கு ருசி தெரியட்டுமேன்னு நானும் பையன விரட்டல." வாய் உலர்தல், தூக்கம், மலச்சிக்கல் மூன்றும் இந்த மருந்தோடு கூட வருபவை. அதைப் பற்றி நாம் கேட்டால்தான் அவர்கள் சொல்வார்கள், கேட்காவிட்டால் மாத்திரையைத்தான் விடுவார்கள்.

பியோகுரோமோசைட்டோமா என்ற அட்ரினல் கட்டியும் இதே படத்தோடு வரலாம், ஆகவே அதைப் பார்க்காமல் விடவில்லை. ஆனால் வந்த அன்றே அதற்கான மெட்டனெஃப்ரின் சோதனைக்கு அனுப்பினால் குளோனிடின் நின்ற பெருக்கிலேயே அது உயர்ந்து காட்டிக் குழப்பும். சில வாரம் கழித்து அனுப்பினோம், இயல்பு.

குளோனிடின், பீட்டா பிளாக்கர் இரண்டையும் நிறுத்துவதாக இருந்தால் பீட்டா பிளாக்கரை முதலில் மெதுவாக எடுக்க வேண்டும், சில நாள் கழித்துத்தான் குளோனிடினைத் தொட வேண்டும். சட்டென்று விடக் கூடாத மருந்து ப்ராப்ரனோலாலும்தான், அதனால் பிரஷர் நிலைத்ததும் அதைச் சின்ன அளவில் திரும்பக் கொடுத்துப் படிப்படியாக இறக்கினோம். கை நடுக்கம் கொஞ்சம் திரும்பியது, டம்ளரை இரண்டு கையால் பிடிக்கிறார், அது பரவாயில்லை என்கிறார். நீர் பிரிய வைக்கும் க்ளோர்தாலிடோன் 12.5 மி.கி. சேர்த்தோம், நான்காம் நிலைச் சிறுநீரக நோயிலும் அது பிரஷரை நன்றாகக் குறைக்கும் என்று 2021இல் வந்த கிளிக் ஆய்வு காட்டியிருக்கிறது, இவருடைய உயர்ந்த பொட்டாசியத்தையும் இறக்கும். ராத்திரிக்குப் பிரசோசின், அது ஆல்ஃபா-1ஐ அடைப்பது, முதல் மாத்திரை விழுங்கிய ராத்திரி எழுந்து நடக்காமல் இருக்கச் சொன்னோம். குளோனிடினின் தினசரி அளவை வாரத்துக்கு 100 மைக்ரோகிராம் வீதம் குறைத்துக்கொண்டே வந்தோம். நடுவில் ஒரு வாரம் தலைவலியும் 178ம் வந்தது, அந்தப் படியிலேயே கூடுதலாக ஒரு வாரம் நின்றுவிட்டு இறங்கினோம். பிப்ரவரியில் குளோனிடின் இல்லாமல் வீட்டு அளவு 146/84. இன்னும் குறைய வேண்டும்தான், ஆனால் கிரியேட்டினின் 2.7இல் நிற்கிறது.

மூக்குச் சொட்டுதான் கடைசியாகப் போனது, அதுதான் அவருக்கு ரொம்பக் கஷ்டம். ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் சொட்டே மூக்கை அடைக்க ஆரம்பிக்கும், விட்டால் திறக்கும், விடாவிட்டால் முன்னைவிட மோசமாக அடைக்கும். முதலில் ஒரு துவாரத்தில் மட்டும் நிறுத்தி, ஃபுளூடிகசோன் ஸ்ப்ரேயும் உப்புத் தண்ணீருமாகச் சமாளித்து, அது திறந்த பிறகு அடுத்த துவாரம்.

குளோனிடின் நிறுத்தி முடிக்கும் வரை அவருடைய சீட்டின் மேல் சிவப்பு மையில் பெரிதாக எழுதிக் கொடுத்திருந்தோம்: இதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, எப்போதும் பத்து நாளுக்கான மாத்திரை கூடுதலாகக் கையில் இருக்க வேண்டும், எண்ணிக்கை அதற்குக் கீழே போனால் அன்றே கடைக்குப் போக வேண்டும், ஒரு நாள் தவறிவிட்டால் இரண்டு நாள் மாத்திரையைச் சேர்த்து விழுங்காமல் பிரஷரை அளந்துவிட்டுக் கூப்பிட வேண்டும், சளி மாத்திரை எதுவும் கேட்காமல் வேண்டாம். இப்போது எங்கள் புறநோயாளிப் பிரிவில் குளோனிடின் சாப்பிடும் எல்லோருக்கும் செப்டம்பர் கடைசியில், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே, இரண்டு மாத மாத்திரையைச் சேர்த்து எழுதுகிறோம், கூட பீட்டா பிளாக்கர் இருக்கிறதா என்று சீட்டை ஒரு தடவை திருப்பிப் பார்க்கிறோம்.